அடங்கும் சத்தம்

பங்குனியில் காற்று வறண்டுவிடும்.
பல்லடம் மில்லில் ஈரப்பதம் நாற்பதுக்குக் கீழே போனால்
பஞ்சு சொன்ன பேச்சைக் கேட்காது.
ரோலரைச் சுற்றிக்கொள்ளும்,
முழங்கை மயிரில் ஒட்டும்,
அர்த்தநாரியின் மீசையில் வெள்ளையாய் நிற்கும்.
இரும்புக் கதவைத் தொட்டால்
சுருக்கென்று ஒரு பொறி.

நான் அங்கே நூலுக்குக் கவுண்ட் பார்க்கிறவள்.
கவுண்ட் எழுதும் நோட்டின் பின்னட்டையிலிருந்து
தலைகீழாய் வருகிறது இன்னொரு கணக்கு:
நிறை எம், மின்னேற்றம் க்யூ,
கூடவே பழைய ஈர்ப்பின் மேல் நான் போட்ட ஒட்டு,
ஆல்ஃபா என்று ஒரு சின்ன எழுத்து.
அதைச் சுழியாக்கினால்
நூறு வருஷமாய் எல்லோரும் நம்புகிற சமன்பாடு
திரும்பி வரவேண்டும்.
நேற்று வரவில்லை.
ஒரு கழித்தல் குறி
கேன்டீன் டீக்கறைக்கு அடியில் இருந்தது.

மின்னேறிய கருந்துளைக்கு எல்லை இரண்டு.
காங்கயம் போகும் வழியில் கொறங்காட்டைச் சுற்றிய
கிளுவை வேலியை நினைத்துக்கொள்கிறேன்.
வெளியே ஒரு வேலி, உள்ளே இன்னொன்று,
படல் உள்நோக்கி மட்டும் திறக்கும்,
போன மாடு போனதுதான்.
க்யூவை ஏற்ற ஏற்ற
வெளிவேலி சுருங்கும், உள்வேலி விரியும்,
இரண்டும் ஒட்டும் இடத்தில் வெப்பம் சுழி.
அதற்கு மேல் ஒரு துளி
ஏற்றினால் வேலியே இல்லை.
நடுவில் இருப்பது
வெட்டவெளியில் அம்மணமாய் நிற்கும்.
அது கூடாது என்கிறார்கள்.
ஏன் கூடாது என்று முழுசாய் நிரூபித்தவர் இல்லை.
என் ஆல்ஃபா அந்த வேலியைக் கொஞ்சம் நகர்த்துகிறது.
எவ்வளவு என்பது ஆறாம் பக்கத்தில்.
ஆறாம் பக்கம் இன்னும் எழுதவில்லை.

எர்த் கம்பியை முறுக்கிக்கொண்டே அர்த்தநாரி கேட்டான்,
"அப்புடி ஒண்ணு மேல இருக்குதுங்களாக்கா?"
அநேகமாக இல்லை என்றேன்.
மின்னேற்றம் நிற்காது.
சுற்றியுள்ள தூசியிலிருந்து எதிரானதை இழுத்து
கண்மூடித் திறப்பதற்குள் சமனாகிவிடும்.
"அப்பறம் எதுக்குங்க்கா கணக்கு?"

இதையேதான்
மரியாதையான மூன்று பத்திகளில்
பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர்
திங்கட்கிழமை கேட்டிருந்தார்.
அர்த்தநாரி பதிலுக்கு நிற்கவில்லை.
எட்டாம் ஃபிரேமில் பஞ்சு சுற்றிக்கொண்டது.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு வினாடி.
இருட்டில் இருபதாயிரம் கதிர்கள்
உச்சத்திலிருந்து இறங்கின:
ஊங்காரம், முனகல், பெருமூச்சு.
ஒவ்வொரு ஃபிரேமும் தன் எடைக்கும் தன் எண்ணெய்க்கும் தக்க
வேறு வேறாய் அடங்கியது.
"அது எட்டு" என்றது அர்த்தநாரியின் குரல்.
"பேரிங் போயிருக்குதுங்க. ஓடறப்பத் தெரியாது,
நிக்கறப்பத்தான் தெரியும்."

நிற்கும்போதுதான்.
இரண்டு கருந்துளைகள் மோதி, ஒன்றாகி,
நடுங்கி அடங்கும் அந்தச் சொற்ப நேரத்தில்தான்
எந்த ஈர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பது வெளியே வரும்.
எட்டு எப்படி முனகும் என்று தெரிந்த காது
முன்பே அங்கே இருக்கவேண்டும்.
க்யூ சுழிதான் என்று சொல்வதற்கும்
க்யூ இருந்தால் எப்படி ஒலிக்கும் என்பது
யாரோ ஒருத்தியின் நோட்டில் இருந்தாகவேண்டும்.

விளக்கு வந்தது.
ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன்.
பென்சிலைக் காணோம்.
அர்த்தநாரி எடுத்துப் போயிருந்தான்,
எட்டாம் ஃபிரேமின் நெற்றியில்
பேரிங் என்று எழுதிவைக்க.