பதினான்காவது காந்தம்

வெள்ளைப் பலகையில் பதின்மூன்று காந்தங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், உயரம்,
படிப்பு முடியும் வருடம்.
பதினான்காவது என் கோட்டுப் பையில்.
தலைமைப் பயிற்சியாளர் ஹாஸ்கெட்
அதைப் பார்த்தாலும் கேட்கமாட்டார்.
"ஏப்ரலுக்குள் எவனாவது கிளம்பிவிடுவான்,
எப்போதும் ஒருத்தன் கிளம்புவான்."
அவர் கற்ற கணிதம் மொத்தமும் அவ்வளவுதான்.

நான் உதவிப் பயிற்சியாளன்.
உள்ளதைச் சொன்னால் கணக்குப்பிள்ளை.
நெப்ராஸ்காவின் மேற்கில், பனி சாய்ந்தடிக்கும் ஊர்களுக்கு
ஒரு காலை மட்டும் சூடாக்கும் ஹீட்டரோடு
வாடகைக் காரில் போகிறவன்.
பள்ளிக்கூட ஜிம்மின் மரப்படியில் உட்கார்ந்து
பந்து வளையத்தில் விழுந்ததா என்று பார்ப்பதில்லை.
விழாதபோது பையன் யார் முகத்தைப் பார்க்கிறான்,
அதைத்தான் குறித்துக்கொள்கிறேன்.

ஆண்டர்ஸ் விக்லண்ட் யாரையும் பார்க்கவில்லை.
ஆறடி பதினோரு அங்குலம்;
திரும்பி ஓடினான், அடுத்த பந்துக்கு.
அன்றிரவு அவன் வீட்டில் சில்லியும் சினமன் ரோலும்.
இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அங்கே வழக்கம்.
அவன் அம்மா மூன்றாவது ரோலை வைத்துக்கொண்டே கேட்டாள்:
"இடம் உறுதிதானே?"
வாய் நிறைய இனிப்பு.
தலையை ஆட்டினேன்.

பந்தியில் பதின்மூன்று இலை.
பதினான்காவது ஆளை வாசலில் நின்று
கைகூப்பி அழைத்தவன் நான்.

இனி யாரை எழுப்புவது?

லாமார் பிக்கெட்டின் இடது முழங்கால்
ஜனவரியில் ஒரு சத்தம் போட்டது.
காலி நாற்காலிகள்வரை கேட்டது.
இரண்டு வருடம் முன் கேன்சஸ் சிட்டியில்
அவன் அப்பா, பஸ் ஓட்டுகிறவர்,
சீருடையைக்கூடக் கழற்றாமல் டிவியை அணைத்துவிட்டு
நான் பேசியதைக் கேட்டார்.
நான்கு வருடம் என்றது என் நாக்கு.
ஒரு வருடம், ஜூலைதோறும் புதுப்பிக்கப்படலாம்
என்றது தாள்.
அவர் தாளைப் படிக்கவில்லை.
என் கையைக் குலுக்கினார்.

மார்ச் கடைசியில் அவனைக் கூப்பிட்டேன்.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.
ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன்:
உனக்கு ஏற்ற இடம், ஆட நிறைய நேரம்,
சின்ன கல்லூரி என்றாலும் நல்ல மருத்துவர்கள்.
பாதியில் நிறுத்தினான்.
"சாப்பாட்டு அட்டை மே வரைக்கும் வேலை செய்யுமா, கோச்?"

செய்யும் என்றேன்.
அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை.

எழுந்து, பலகையிலிருந்து தன் பெயரைக் கழற்றி
என் இரும்பு அலமாரியில் வைத்தான்.
"இங்கேயும் ஒட்டுது" என்றான்.
கோபமாகச் சொல்லியிருந்தால்
இந்நேரம் மறந்திருப்பேன்.

மே பதினொன்று.
விக்லண்டின் அம்மா போனில்.
மகனுக்குக் கடலோரத்தில் பெரிய கல்லூரி கிடைத்துவிட்டதாம்,
நேரிலேயே சொல்லியிருக்க வேண்டுமாம்,
மிகவும் வருந்துகிறாளாம்.
குரல் நடுங்கவில்லை; அவளும் ஒத்திகை பார்த்திருப்பாள்.
லாமாரைக் கூப்பிட்டேன்.
அவன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.
அவன் அப்பாவின் எண் இருக்கிறது.
அதை அழுத்தவில்லை.

"காலியாகவே இருக்கட்டும்" என்கிறார் ஹாஸ்கெட்,
"ஆகஸ்டில் எவனாவது வருவான்."

சாயங்காலம் துவைத்த துண்டுகளோடு
ஓவன் ஸ்ட்ராக் உள்ளே வந்தான்.
மூன்று வருடமாகச் சொந்தக் காசில் படித்து
எங்களோடு ஓடுகிறவன்.
மூன்று வருடமும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றோம்.
கடைசி பெஞ்சில் அவன் உட்காரும் இடத்தில்
பெயின்ட் உதிர்ந்திருக்கிறது.

பலகை முன்னால் நின்றான்.
உதடு மெல்ல அசைந்தது.
எண்ணுகிறான்.
பன்னிரண்டில் நின்றது உதடு.
மறுபடி முதலிலிருந்து.

நான் ஏதோ தாளைத் தேடுவதுபோல்
இழுப்பறையைத் திறந்தேன்.
அலமாரி குலுங்கியது; லாமாரின் காந்தம்
ஒரு விரற்கடை வழுக்கி நின்றது.

துண்டுகளை அடுக்கிவிட்டு ஓவன் கேட்டான்:

"பலகையைத் துடைக்கட்டுமா, கோச்?"