யாருக்குச் சாதாரணம்

பாடநூல் வெகுதொலைவில் அச்சானது.
நான்காம் பாடத்தின் முதல் வரி:
'சாதாரண வெப்பநிலையில் நீர் ஒரு நீர்மம்.'
எர்ச்சிம் கையைக்கூடத் தூக்காமல் கேட்டான்:
"யாருக்குச் சாதாரணம், டீச்சர்?"

வகுப்பு சிரிக்கவில்லை.
காலையில் மைனஸ் நாற்பத்தேழு.
இந்திகிர்கா ஆற்றோரத்து இந்த ஊரில் தண்ணீர்
வேலியோரம் அடுக்கிக் கிடக்கிறது,
இலையுதிர் முடிவில் ஏரியில் அறுத்த பாளம் பாளமாய்.
தேநீர் வேண்டுமென்றால்
கோடரியோடு போய்க் கொத்திவருகிறார்கள்.
ஊற்றுவது என்கிற வினைச்சொல்லே
இங்கே அடுப்புக்கு அப்புறம்தான்.

நான் யாகுட்ஸ்க் நகரத்துக்காரி,
குழாயைத் திருகி வளர்ந்தவள்.
"வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.
எழுதினார்கள், எர்ச்சிமைத் தவிர.

அடுத்த பாடம் செல் சுவாசம்.
பாட்டிலில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான நீர்,
பாட்டில் வாயில் சிவப்பு பலூன்.
பத்து நிமிடம், இருபது நிமிடம்.
நனைந்த நாயின் காதுபோல்
பலூன் தொங்கியபடியே இருந்தது.
"செத்துப்போச்சு" என்றான் ஐதால்.
கெஸ்கில் எதுவும் பேசாமல்
பாட்டிலை எடுத்துக் கோட்டுக்குள் செருகி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.
மீதிப் பாடம் முழுக்க
ஒருபக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான்.
"எழுது" என்றேன்.
"கை வேலையா இருக்கு" என்றான்.

மைட்டோகாண்ட்ரியாவை வரைந்துகொண்டிருந்தேன்.
என் படத்தில் அது செருப்புபோல வந்திருந்தது.
பின்னால் ஒரே கூச்சல்.
திரும்பினால்
கெஸ்கிலின் காலருக்கு மேலே
சிவப்பாக ஒரு தலை எட்டிப்பார்க்கிறது.

காலையில் அவன் தின்ற ரொட்டி
அவனுக்குள் மெல்ல எரிந்து சூடாகி
அந்தச் சூட்டில் ஈஸ்ட் விழித்து
தன் பங்குச் சர்க்கரையை எரித்திருக்கிறது.
இதைச் சொல்ல
மூன்று பக்கக் குறிப்பு தயாரித்திருந்தேன்.
மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன்.

"பலூனை வெளியே கொண்டுபோனா
உள்ளே பனி விழுமா?"
"கரியமில வாயு பனியாக
மைனஸ் எழுபத்தெட்டு வேண்டும்.
நம் குளிர் போதாது."
முகங்கள் சுருங்கிவிட்டன.
உங்கள் குளிர் போதாதென்று
அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

ஜன்னல் கண்ணாடியின் உட்புறம்
விரற்கடை கனத்துக்கு வெண்பனி.
"இது எங்கிருந்து வந்தது?" என்றேன்.
நுர்குயானா நகத்தால் கீறிப் பார்த்தாள்.
கூரை, தரை, துடைத்த பலகை,
ஒவ்வொன்றாகச் சொல்லித் தோற்றபின்
மெதுவாக,
"நாங்கதானா?"

நீங்கள்தான்.
இருபத்துமூன்று பேர் விட்ட மூச்சு.
அதில் ஒரு பங்கு நீர்
ஏரியிலிருந்து வந்ததல்ல;
ரொட்டியும் மீனும் உங்கள் செல்களில் உடைந்து
புதிதாய்ப் பிறந்த நீர்.
வாயுவாய் வெளியேறி
நீர்மமாய் நிற்க நேரமில்லாமல்
நேரே திண்மமாய் ஒட்டிக்கொண்டது.
ஐதால் நக்கிப் பார்த்து
"உப்பே இல்லை" என்று அறிவித்தான்.

நவம்பரில் சுரங்கம் மூடியதும்
சாந்தால் குடும்பம் தெற்கே போய்விட்டது.
அவன் இருந்த பெஞ்சைப் பார்த்தபடி
யாரோ கேட்டார்கள்:
"அவன் மூச்சும் இதில் இருக்குமா?"
"அடியில் இருக்கலாம்" என்றேன்,
என் குரலே எனக்குப் பிடித்துப்போய்.
"இருக்காது டீச்சர்," என்றான் எர்ச்சிம்,
"சனிக்கிழமைதோறும் காவல்காரர்
சுரண்டி வாரிக் கொட்டிடுவார்."

வெள்ளிக்கிழமை தேர்வு.
எர்ச்சிமின் விடைத்தாள் என் மேசைமேல்:
'நீர் ஒரு திண்மம்.
தேவைப்பட்டால் நீர்மமாக்கிக்கொள்ளலாம்.'

பள்ளியிலிருந்து வீடு வரை
பையின் வெளிப்பக்கத்தில் வந்த சிவப்புப் பேனா
உறைந்திருக்கிறது.
தாளில் அழுத்திப் பார்த்தேன்,
நிறமில்லாத கோடு விழுந்தது.
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.
மை இளகும்வரை
எனக்கும் கொஞ்சம் அவகாசம்.