கள ஏடு

கட்டுவனில் ஆறு பரப்புக் காணி.
இராணுவம் விட்டுப் போய் மூன்று கிழமை.
வீடில்லை, வேலியில்லை, எல்லைக்கல் ஒன்றுகூட இல்லை;
நாயுண்ணிப் பற்றை ஆளுயரம்.
உறுதியில் ஒரு வரி: கிணறும் வாய்க்காலும் உட்பட.
கிணறு அகப்பட்டால் மிச்சத்தை அதிலிருந்து அளந்துவிடலாம்.

“கிணறு எங்கை?” என்றேன்.

கனகேந்திரன் வடக்கைக் காட்டினார்,
சத்தியம் பண்ணாத குறை.
புஷ்பலீலா ரீச்சர் தென்கிழக்கை:
“குசினி யன்னலுக்கு நேரை. எனக்குத் தெரியாதே?”
கனடாவிலிருந்து வந்திருந்த இளையவர், தேவகுஞ்சன்,
ஒன்றும் பேசாமல் பற்றைக்குள் நடந்துபோய்
ஓரிடத்தில் குந்தி நிலத்தைத் தட்டினார்.
மூன்று தடி நட்டேன். மூன்றிலும் சிவப்புத் துணி.

ஜேசிபி மூன்று இடமும் கிண்டியது.
சுண்ணாம்புக் கல். வெறும் சுண்ணாம்புக் கல்.
நாலாம் நாள், ஒருவரும் காட்டாத மேற்கு மூலையில்
மண் பதிந்து சில்லு இறங்கியது.
குப்பை, பனங்குற்றி, ஒரு தகரக் கதவு,
அதற்கும் கீழே கட்டு.
சதுரக் கிணறு.

“இது எங்கடை இல்லை” என்றா ரீச்சர்.
“எங்கடை வட்டம்.”
மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.
அந்த நாலு நாளில் மூவரும் ஒத்துக்கொண்டது
அது ஒன்றைத்தான். அதுவும் பிழை.
பழைய வரைபடத்தில் சதுரம், கறுப்பு மையில்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன்.
அண்ணர் துலா மிதித்த பொடியன்.
தங்கச்சி யன்னலடியில் நின்று பார்த்தவ.
கடைசிப் பிள்ளையைக் கிணற்றடிக்கு ஒருவரும் விட்டதில்லை.
ஆளாளுக்குத் தான் நின்ற இடத்திலிருந்து பார்த்த பக்கத்தை
இருபத்தெட்டு வருசமாய்க் காவித் திரிந்திருக்கினம்.
நின்ற இடமே இல்லாத வெளியில்
அந்தப் பக்கத்தை எங்கே இறக்கி வைப்பது?

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன்.
கலியாண வீடுகளில், காரைநகர் பஸ்ஸில்,
ஒருமுறை, வரலாறு படிக்கிற பிள்ளைகள் இருவர்
ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோதும்.
பொடிச்சி கண் துடைத்தாள். மற்றவன் திகதி கேட்டான்.
சொன்னேன்.

போன மாதம் அலுமாரி ஒதுக்கக்கொள்ள
அந்த ஏடு அகப்பட்டது. என் கையெழுத்துத்தான்.
கட்டுவன், ஆறு பரப்பு.
சமுகமளித்தோர்: இருவர்.
தோண்டியது: ஒரு நாள், முற்பகல்.
கிணறு: வடக்கெல்லையிலிருந்து பதினொரு மீற்றர்,
திரு. கனகேந்திரன் காட்டிய இடத்தில்.
வடிவம் குறிக்கப்படவில்லை.

திகதியும் நான் சொன்னது இல்லை.

ஏட்டை மூடி மடியில் வைத்திருக்கிறேன்.
தேவகுஞ்சன் குந்தியிருந்து நிலத்தைத் தட்டிய சத்தம்,
முற்றாத தேங்காயைத் தட்டினாற்போல,
இப்பவும் கேட்கிறது.