தொண்டி எண் 2

மகஜரில் நான் எழுதியது:
முயல் ஒன்று, இறந்தது, கால்கள் மூன்று.
ரேஞ்சர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.
"பழமொழியையெல்லாம் கோர்ட்டுக்கு அனுப்பாதய்யா."

நான்காவது காலை
மன்னவனூர்ப் புல்வெளியில்
டார்ச் அடித்துத் தேடியிருந்தோம்,
நானும் வாட்சர் குறிஞ்சியப்பனும்.
மணி இரண்டரை. உறைபனியில்
புல் நொறுங்குகிற சத்தம்.
கிடைக்கவில்லை.
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நானே கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள். ஜீப்பில்
நான்கு பேர், மூன்று நாய்கள்.
இரண்டு நாய் இருட்டில் போய்விட்டது.
மிச்சமிருந்ததைக் காட்டி
"யாருடையது?" என்றேன்.
நால்வரும் மற்ற மூவரைக் காட்டினார்கள்.

அதில் இளையவன், சடையாண்டி என்று பெயர்,
தணிந்த குரலில் கேட்டான்:
"இதுக்கு லைசென்ஸ் எங்க சார் தருவாங்க?
கட்டிட்டே ஓட்டிக்கிறோம்."
கை சட்டைப்பைக்குள் போயிருந்தது.
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.
பட்டாசு விற்கச் சீட்டு உண்டு,
துப்பாக்கி வைத்துக்கொள்ள உண்டு,
பஜ்ஜி சுட உண்டு.
முயல் ஓட்ட மட்டும் ஏன் இல்லை?

இருந்தது, தம்பி.
பழைய ரெஸ்ட் ஹவுஸ் பீரோவில்
கரையான் மிச்சம் வைத்த ரிஜிஸ்டர்.
பருவம்: அக்டோபர் முதல் மார்ச் வரை.
ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முயல்.
நாய்க்குத் தலைக்கு எட்டணா.
சினை முயலைத் துரத்தலாகாது என்று
ஓரத்தில் சிவப்பு மை.
ஓடுகிற முயலின் வயிற்றை
யார் தடவிப் பார்த்தார்களோ.
கையெழுத்து மட்டும் கொடி மாதிரி.
துரைக்கு நிறைய நேரம் இருந்திருக்கிறது.

தொண்டி எண் 1: முயல்.
உத்தரவு வாங்கி எரித்தாயிற்று.
தொண்டி எண் 2: கன்னி நாய், பெண்,
கறுப்பு, புருவத்தில் இரண்டு பழுப்புப் புள்ளி.
கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும்
என்று போட்டிருந்தது.
அதுவரை என்ன போடுவது என்று போடவில்லை.

கரிசல் வெயிலுக்குப் பிறந்த உடம்பு.
இந்தக் குளிரில் எலும்போடு எலும்பு தட்ட நடுங்கியது.
துறை கொடுத்த ஸ்வெட்டரில்
கை இரண்டையும் வெட்டி மாட்டிவிட்டேன்.
தீவனச் செலவுக்கு எழுதினேன்.
திரும்பி வந்தது:
"நாய்க்குப் பால் எதற்கு? விளக்கம் தேவை."
விளக்கம் எழுதினேன்.
"முட்டை எதற்கு?"

பெயர் வைக்கக் கூடாதென்றுதான் இருந்தேன்,
கேஸ் முடிந்தால் போய்விடுகிற ஜீவன்.
ஆனாலும் "தொண்டி" என்றால்
காதைத் திருப்புகிறாள்.

தை பிறந்து நாலாம் நாள்.
ஆட்டுப் பண்ணைக்குப் பின்னால் ரோந்து.
சங்கிலியை நான்தான் தளர்த்திப் பிடித்திருந்தேன்.
காலடியிலிருந்து எழுந்தது முயல்.

அரசாங்கத்து நாய்.
அரசாங்கத்து முயல்.
அரசாங்கத்துச் சம்பளத்தில் நான்,
வாயில் விசில்.
யார் மேல் யார் கேஸ் போடுவது?

ஊதியிருக்கலாம்.
அவள் புல்லைத் தொடவே இல்லை போலிருந்தது.
ஸ்வெட்டர் அவிழ்ந்து பின்னால் விழுந்தது.
முதுகு வளைந்து நிமிர்ந்து வளைந்து,
ஐந்து மாதம் என் வாசலில் சுருண்டு கிடந்த அந்த முதுகு.
முயல் வெட்டித் திரும்பியது,
அவள் வேகம் அவளை நேரே கொண்டுபோனது,
திரும்புவதற்குள் அது சீகைப் புதருக்குப் பாதி தூரம்.
விசில் என் பல்லில் கடிபட்டு இருந்தது.
பிடி என்று நினைத்தேனா,
ஓடு என்று நினைத்தேனா,
அதற்கு இன்னும் விளக்கம் எழுதவில்லை.

புதருக்குள் போய்விட்டது.
நாலு காலும் இருந்தது. எண்ணினேன்.

அவள் திரும்பி வந்தாள்,
நாக்கு மார்பு வரை, முன்காலில் ரத்தம்.
என் பக்கம் பார்க்காமல் நின்றாள்.
ஸ்வெட்டரை உதறி மாட்டினேன்.

ரோந்து நோட்டில்:
"சென்று வந்தேன். விசேஷம் ஏதுமில்லை."

வாய்தா ஆடிக்குப் போயிருக்கிறது.
சடையாண்டி போன் செய்தான்,
"நாய் நல்லாருக்கா சார்?"
யார் நாய் என்றேன்.
வைத்துவிட்டான்.