பதினேழாம் எண்

திங்கட்கிழமை, காலை ஆறு மணி.
நெரிடா பாஸ்கோவின் திராட்சைத் தோட்டத்து ஓரம்
தகரக் கூரை போட்ட கூண்டு.
இருபது கோழிகள். பெயர் வைக்கவில்லை,
காலில் வளையமும் எண்ணும்தான்.

இறக்கையை விரித்து
ஈரப் பஞ்சால் மெல்லிறகை ஒதுக்கினால்
நீலமாய் ஒரு நரம்பு.
அரை மில்லி போதும்.
சில கோழிகள் திட்டும்.
ஒன்பதாம் எண் மட்டும் வாரம் தவறாமல்
என் கைக்கடிகாரத்தைக் கொத்தும்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.
எங்கள் பிழைப்போ வெள்ளம் வடிந்த பிறகு.
மர்ரே ஆறு அக்டோபரில் கரையேறி வந்து
புல்வெளிகளில் படுத்துக்கிடந்தது.
திரும்பிப் போகையில்
முழங்கால் ஆழத்துக்குத் தன்னை
மறந்து வைத்துவிட்டுப் போனது.
அதில் வக்காக்கள் இறங்கின.
வக்காவின் ரத்தத்தில் கிருமி பயணம் போகும்,
வக்காவுக்கு ஒன்றும் ஆகாது.
கொசு அதைக் கோழிக்குக் கொண்டுவரும்,
கோழிக்கும் ஒன்றும் ஆகாது.
மனிதரிலும் பலருக்கு ஒன்றும் ஆகாது.
ஒரு சிலருக்குத்தான்
மூளைவரை ஏறும்.

தடுப்பூசி இல்லை.
கோழி உண்டு.

கூண்டு வராத காலத்தில்
ஆற்றங்கரை கேரவனில் ஒரு பையன், கீரன் டல்லக்.
ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன்
ஸ்பூனைக் காட்டி "அது, அது" என்றான்.
இப்போது பெட்ரோல் பங்கில் வேலை.
சில்லறையை இடது கையால்தான் தருவான்.
நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் கூட்டத்தில்
நகரமன்றத்து லிட்டில்மோர்
என் அறிக்கையைத் தட்டிக் காட்டினார்:
"பத்து வருடமாக எல்லாக் கட்டத்திலும் முட்டை.
கோழி வளர்த்தால் முட்டைதான் வரும் போல!"
மேசை முழுக்கச் சிரித்தது.
நானும்தான் சிரித்தேன்,
அடுத்த வருடப் பணம் அவர் கையில் இருந்தது.

ஜனவரியில், நாற்பத்திரண்டு டிகிரி மத்தியானம்,
மெல்போர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து போன்.
"பதினேழு" என்றாள் அந்தப் பெண்.
"இரண்டு தடவை பார்த்துவிட்டோம்."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
பதினேழாம் எண்
புழுதியில் குழி பறித்துக் குளித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் தூக்கமில்லை.
தேங்கிய நீரில் மருந்து.
மீன்பிடிப் போட்டி ரத்து.
அந்தி சாய்ந்தால் முழுக்கைச் சட்டை என்று
மதுக்கடைச் சுவரிலும் நோட்டீஸ்.
டோங்காவிலிருந்து பழம் பறிக்க வந்தவர்களின்
கொட்டகை ஜன்னல்களுக்கு வலை அடிக்கப் போனோம்.
ஆணிகளை வாயில் கவ்வியபடி லோபெட்டி கேட்டான்:
"கோழிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?"
அதற்கு நோய் இல்லை என்றேன்.
"அப்படியானால் யாருக்கு?"
இன்னும் யாருக்கும் இல்லை.
அந்த 'இன்னும்' அவன் காதில் விழுந்ததும்
ஆணியைத் துப்பிவிட்டு
ஏற்கெனவே அடித்த வலையை
மறுபடி இழுத்துப் பார்த்தான்.

ஏப்ரலில் குளிர் வந்தது. கொசு போனது.
யாரும் படுக்கவில்லை.
வலையாலா, மருந்தாலா, அதிர்ஷ்டத்தாலா?
எனக்குத் தெரியாது, எழுதவும் கட்டமில்லை.
லிட்டில்மோருக்கு மீன்பிடிப் போட்டிதான்
இன்னும் வலிக்கிறது.
கடைசிக் கட்டத்தில் மனிதர்கள் என்ற தலைப்பின் கீழ்
ஒரு முட்டை போட்டேன்,
பேனாவை அழுத்தி.

ஒரு முறை சொல்லிவிட்ட கோழி
மறுமுறை சேதி சொல்லாது,
அதன் ரத்தத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.
பதினேழை நெரிடா வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.
நவம்பரில் அதன் இடத்தில் ஒரு குஞ்சுக்கோழி,
ஒன்றும் தெரியாத ரத்தம்.
வளையம் மாட்டும்போது
என் விரலைக் கொத்தியது.