ஒரு மூலை

ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட்டோம்.
இறால் குஞ்சு நாற்பதாயிரம்,
சுண்ணாம்பு பன்னிரண்டு மூட்டை,
ஹஸ்னாவியாவின் இரண்டு வளையல்.

மகாக்கம் கடலுக்குள் விரல் விரிக்கும் இடத்தில்
நிப்பா பனைகளை வெட்டிக் கட்டிய குளம்.
பத்திரத்தில் அது சதுரம்.
சமரிந்தாவிலிருந்து படகேறி
வாந்தியெடுத்து வந்த வங்கிக்காரர்
நாடா பிடித்து அளந்தபோது
ஒரு மூலையைக் காணோம்.
“எங்கே?” என்றார்.
லா பாஸ்ஸே மோவாயால் கடலைக் காட்டினான்.

அமாவாசை வற்றத்தில் மதகு திறந்தோம்.
எண்பது கிலோவுக்குக் காத்திருந்த வலையில்
ஒன்பது கிலோ, இரண்டு நண்டு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
ஹஸ்னாவியா காலை நுழைத்துப் பார்த்தாள்;
அளவு சரி.
இங்கே
முதலை ஆளைத் தின்னும்,
முதலை ஆறு தின்னும்.

இன்று காலை கடன் கொடுத்த புங்கவா வந்தார்.
காப்பி குடித்தார். பணம் பேசவில்லை.
காணாமல்போன மூலைச் சேற்றில்
இடுப்பளவு இறங்கி
அவள் நட்டுக்கொண்டிருந்த
அலையாத்திக் கன்றுகளைப் பார்த்து,
“இதில் என்ன வரும்?” என்றார்.

“நிலம்.”

நோட்டை எடுத்தவர்
எழுதாமல் திரும்பப் பையில் வைத்தார்.
படகுக்கு நீர் ஏற
இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.