இல்லாத பூனை

லைடன் நகரத்துக் கால்வாய் உறைந்திருந்தது.
உளியால் உடைத்துத்தான் வாளியை இறக்கினேன்.
அப்போது காலை நான்கு மணி.
அடுப்பு மூட்டி, வாசற்படி தேய்த்து,
ஹெர்ரிங் மீனுக்குச் செதில் சுரண்டி முடித்தபோது
ஓவியர் எங்கெல்பெர்ட் கூப்பிட்டார்:
"டிவெர்த்யே, இப்படி உட்கார். கன்னத்தில் கை வை.
தூங்குவதுபோல் நடி."

நடிக்க வேண்டியிருக்கவில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை,
பலகையில் என் முகம் மட்டும் இருந்தது.
அடுத்த வாரங்களில் மற்றவை வந்து சேர்ந்தன.
என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கோப்பை.
மேஜைமேல் துருக்கிக் கம்பளம், அது இரவல்,
கறை பட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.
பாதி உரித்த எலுமிச்சை.
தோலின் சுருளை வரைந்து முடிப்பதற்குள்
மூன்று பழம் காய்ந்து போயிற்று.
கடைசியாக, மீனில் வாய் வைத்தபடி ஒரு பூனை.
எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

தரையும் எங்களுடையது அல்ல.
எங்களுடையது பலகைத் தரை, இரண்டு பலகை ஆடும்.
படத்தில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பளிங்கு.
ஏன் ஐயா என்றேன்.
"பலகைக்கு எவன் காசு கொடுப்பான்?"

முப்பது கில்டருக்கு விலை போனேன்.
என் ஓராண்டுச் சம்பளத்தைவிட இரண்டு அதிகம்.
வாங்கியவருக்கு மீன்பிடிக் கப்பல்களில் பங்கு உண்டு.
மாடியில் ஒரு கடற்போரை மாட்டினார்,
முன்னறையில் ஒரு பசுவை,
சமையலறையில் என்னை.

மார்ச் மாதம் பாக்கிச் சீட்டோடு அந்த வீட்டுக்குப் போனேன்.
ஃப்ரீஸ்லாந்திலிருந்து புதிதாய் வந்த ஹில்லே
ஈயத்தட்டு துலக்கிக்கொண்டிருந்தாள்.
எஜமானி சுவரைக் காட்டி அவளிடம் சொன்னாள்:
"பார்த்துக்கொள். குடித்துவிட்டுத் தூங்குகிறாள்,
பூனை மீனைத் தின்கிறது.
இவளைப் போல் ஆகிவிடாதே."
ஹில்லே தலையாட்டினாள்.
நானும் ஆட்டினேன்.
இருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை,
விழித்திருந்தேன் அல்லவா.

எஜமானி பணம் எடுக்க மாடியேறினாள்.
ஹில்லே ஈரக்கையோடு படத்தின் அருகே போனாள்.
கோப்பையைப் பார்க்கவில்லை, பளிங்கையும் பார்க்கவில்லை.
மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றில்
கண்ணை வைத்து நின்றாள்.
அது மட்டும் என்னுடையது,
ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்தது.

"இப்படிச் சாய்ந்து தேயுமா? இவள் இடக்கைக்காரி," என்றாள்,
"தினமும் பெருக்குகிறவள்."

மேலே பணப்பெட்டி திறக்கும் சத்தம்.
ஒன்றும் சொல்லாமல்
சீட்டை அவளிடம் நீட்டினேன்,
இடது கையால்.